லாக்ஸ்டன்: வரப்பே இல்லாத வயக்காடும் இன்னும் கூடுற ஊர் கோர்ட்டும் (அடிக்கடி கேக்குற கேள்விகள்)

நான் இருக்கறது நாட்டிங்காம் பக்கம். ஊர்லேர்ந்து யாராவது வந்தா எல்லாரும் ராபின் ஹூட் சிலை, ஷெர்வுட் காட்டு பெரிய ஓக் மரம்னு கூட்டிட்டு போவாங்க, நான் மட்டும் லாக்ஸ்டன்னு ஒரு கிராமத்துக்கு கூட்டிட்டு போய் சேத்துல நடக்க விடுவேன். போட்டோ அனுப்பினா "இது என்ன சும்மா வயலு, இதுக்கா பெட்ரோல் போட்டு போனே"ன்னு கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்லி அலுத்துப் போச்சு, அதான் மொத்தமா எழுதி வச்சிட்டேன்.

லாக்ஸ்டன் எங்க இருக்கு, அப்படி என்னதான் விசேஷம்?

இங்கிலாந்து நடுப்பகுதியில நாட்டிங்காம்ஷயர் கவுண்டி, அதுல நியூவார்க் டவுனுக்கு வடமேற்கே பத்து மைல் வாக்குல இருக்கு. சின்ன ஊரு, ஒரு மெயின் தெரு, ஒரு சர்ச், ஒரு பப், அவ்ளோதான்.

விசேஷம் என்னன்னா, நடுக்காலத்துல இங்கிலாந்துல பாதிக்கு மேல கிராமங்கள் எப்படி விவசாயம் பண்ணுச்சோ அந்த முறை இங்க இன்னும் ஓடுது. ஊருக்கு பொதுவா மூணு பெரிய வயல், உள்ள வேலி கிடையாது, ஒவ்வொருத்தருக்கும் அங்கங்க நீளநீளமா பட்டை பட்டையா நிலம், என்ன போடணும் எப்ப போடணும்ங்கறது ஊர்க் கட்டுப்பாடு. அத மேற்பார்வை பாக்க ஒரு ஊர் கோர்ட்டு, அதுவும் இன்னும் வருஷா வருஷம் கூடுது. டெவன்ல பிராண்டன்ங்கற ஊர்லயும் வேற சில எடத்துலயும் வயல் மிச்சம் இருக்கு, ஆனா வயலும் கோர்ட்டும் சேந்து உயிரோட இருக்கறது இங்க மட்டும்தான்.

மூணு வயல்னா கணக்கு எப்படி?

வெஸ்ட் ஃபீல்டு, சவுத் ஃபீல்டு, மில் ஃபீல்டுன்னு பேரு. ஒரு வருஷம் ஒரு வயல்ல இலையுதிர் காலத்துல கோதுமை விதைப்பாங்க, அடுத்த வருஷம் அதே வயல்ல வசந்தத்துல பார்லி, பட்டாணி, பீன்ஸ் மாதிரி ஏதாவது, மூணாவது வருஷம் தரிசு. மூணு வயலும் இப்படி சுத்தி சுத்தி வரும், அதனால எந்த வருஷம் போனாலும் ஒண்ணு கோதுமை, ஒண்ணு வசந்தப் பயிர், ஒண்ணு தரிசு. அந்த காலத்துல தரிசு வயல்ல ஊர் ஆடு மாடெல்லாம் சேந்து மேயும், சாணம் விழும், மண்ணுக்கு தெம்பு வரும். இப்ப அப்படி பொதுவா மேய்க்கறது பெருசா இல்ல, தரிசு வருஷத்துல தீவனப்புல் போட்டு அறுத்துக்கறாங்க. முறை அப்படியே கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்ச மாதிரி இருக்குன்னு நினைக்காதீங்க, தேவைக்கு தகுந்த மாதிரி வளைச்சு வளைச்சுதான் இவ்ளோ தூரம் கொண்டு வந்திருக்காங்க.

ஒரே ஆளுக்கு ஒரே எடத்துல நிலம் குடுக்காம ஏன் துண்டு துண்டா?

மண்ணு ஒரே மாதிரி கிடையாதே. லாக்ஸ்டன் மண்ணு கனமான களி, மழைல ஷூவ பிடிச்சா விடாது. மேட்டுல தண்ணி வடியும், பள்ளத்துல நிக்கும். எல்லாருக்கும் நல்லதும் கெட்டதும் கலந்து கிடைக்கணும்னா அங்க ஒரு பட்டை இங்க ஒரு பட்டைன்னு பிரிச்சாத்தான் சரியா வரும்.

இதுல எனக்கு பிடிச்ச விஷயம் அளவு. நம்ம ஊர்ல பெருசுங்க "ரெண்டு பர்லாங் தூரம்"னு சொல்லுவாங்கல்ல, வெள்ளைக்காரன் ரோடு போட்ட காலத்துல வந்த வார்த்தை. அதோட பிறப்பிடமே இந்த மாதிரி வயல்தான், உழவுச்சால் எவ்ளோ நீளமோ அதுதான் பர்லாங்குன்னு அர்த்தம், 220 கஜம். அகலம் 22 கஜம் வச்சுக்கிட்டா ஒரு ஏக்கர் வந்துரும், 4840 சதுர கஜம், நம்ம கணக்குல நூறு சென்ட். ஒரு நாள்ல ஒரு ஏர் உழுது முடிக்கிற அளவுன்னு சொல்லுவாங்க. அந்த 22 கஜம் எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா, கிரிக்கெட் பிட்ச் நீளம். நான் பையனுக்கு ஏக்கர்னா என்னன்னு சொல்லிக் குடுத்தது இப்படித்தான், ஒரு பிட்ச அகலமா வச்சு, பத்து பிட்ச் நீளத்துக்கு நடந்தா ஒரு ஏக்கர்டா.

நேர்ல பார்த்தா சாதாரண கோதுமை வயல் மாதிரிதானே இருக்கு?

ஆமா, அப்படித்தான் இருக்கும். நான் முதல் தடவ போனப்ப எனக்கும் ஏமாத்தம்தான். புடவை கோடு மாதிரி கலர் கலரா பட்டை தெரியும்னு நினைச்சு போனேன். கோதுமை வயல்ல எல்லார் பட்டையிலயும் கோதுமைதான், நடுவுல வரப்பும் கிடையாது, அப்புறம் எங்கேர்ந்து கோடு தெரியும். கொஞ்ச நேரம் நின்னு பார்த்தாத்தான் பிடிபடும், ஒரு பட்டையில விதை வரிசை கொஞ்சம் வேற திசைல திரும்பி இருக்கும், ஒருத்தர் மருந்தடிச்ச டிராக்டர் தடம் பக்கத்து பட்டையோட சேராது, ஒரு எடத்துல பயிர் ஒரு வாரம் பிந்தி பச்சையா இருக்கும். வேலி இல்லாததுதான் இங்க அசல் காட்சி, சுத்தி வேற ஊர்கள்ல எல்லாம் முள்வேலி செடி வச்சு கட்டம் கட்டமா இருக்கும், இங்க வந்ததும் வானம் திடீர்னு பெருசான மாதிரி இருக்கும்.

இன்னொண்ணையும் கவனிங்க, பண்ணை வீடுகள் எல்லாம் ஊர்த்தெருவுலயே வரிசையா இருக்கும். மத்த ஊர்ல நிலத்த ஒரே எடமா பிரிச்சு குடுத்த பிறகு நிறைய பேர் வீட்டையும் வயல் நடுவுலயே கட்டிக்கிட்டாங்க. இங்க ஒருத்தர் நிலம் நாலு திக்கிலயும் சிதறி கிடக்கு, எந்த வயல் நடுவுல போய் வீடு கட்டறது?

மத்த ஊர்ல எல்லாம் ஏன் அழிஞ்சுது, இங்க மட்டும் எப்படி தப்பிச்சுது?

அங்க நடந்ததுக்கு பேரு என்க்ளோஷர், பொது வயல வேலி போட்டு தனித்தனியா பிரிக்கறது. பார்லிமெண்ட்ல ஊர் ஊருக்கு தனிச்சட்டம் போட்டே பண்ணினாங்க, 1604 லேர்ந்து 1914 வரைக்கும் 5200க்கு மேல சட்டம், 68 லட்சம் ஏக்கர். விளைச்சல் கூடுச்சுன்னு ஒரு கட்சி, ஏழைங்களோட மேய்ச்சல் உரிமையும் சுள்ளி பொறுக்கற உரிமையும் போச்சுன்னு இன்னொரு கட்சி, என்னைக் கேட்டா ரெண்டுமே நடந்துச்சு, ஆனா லாபமும் நஷ்டமும் ஒரே வீட்டுக்கு போகல.

லாக்ஸ்டன்லயும் ஓரமா கொஞ்சம் கொஞ்சம் வேலிக்குள்ள போச்சுதான். முழுசா போகாததுக்கு காரணம் ஏதோ பாரம்பரியப் பற்றுன்னு நினைக்க வேணாம். அங்க ரெண்டு பெரிய நிலக்காரங்க, மான்வர்ஸ் பிரபு ஒருத்தர், ஸ்கார்பரோ பிரபு ஒருத்தர், ரெண்டு பேருக்கும் பேசி முடிவுக்கு வரல, வேலி போடற செலவும் ஜாஸ்தி, தள்ளிப் போட்டுட்டே வந்தாங்க. பாகப்பிரிவினை இழுத்துக்கிட்டே போனதால பிழைச்ச பழைய வீடு மாதிரி. இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல மான்வர்ஸ் எஸ்டேட் சின்னச் சின்ன பட்டைகள சேத்து பெருசாக்கிச்சு, வயல் பரப்பும் குறைஞ்சுது, ஆனா முறைய விடல. இப்ப திறந்தவெளி வயல் சுமார் 480 ஏக்கர்.

கோர்ட் லீட்னு சொல்றாங்களே, அது நிஜ கோர்ட்டா இல்ல டூரிஸ்ட்டுக்கு நாடகமா?

நிஜ கோர்ட்டுதான். கோர்ட் லீட்ங்கறது நடுக்காலத்து நிலப்பிரபு கோர்ட்டு, பழைய காலத்துல இங்கிலாந்து முழுக்க இருந்துச்சு. 1977ல நீதி நிர்வாகச் சட்டம்னு ஒண்ணு கொண்டு வந்து இந்த பழைய கோர்ட்டுகளோட அதிகாரத்த எல்லாம் எடுத்துட்டாங்க, சில ஊர்ல பேருக்கு சடங்கா மட்டும் கூடிக்கலாம்னு விட்டாங்க. லாக்ஸ்டனுக்கு மட்டும் விதிவிலக்கு, ஏன்னா வயல நடத்தறதுக்கு அந்த கோர்ட்டு நிஜமாவே தேவைப்பட்டுச்சு. அதனால இங்க ஜூரி போடற அபராதத்துக்கு சட்ட பலம் இருக்கு.

நிலப்பிரபு சார்பா ஸ்டூவர்டுன்னு ஒருத்தர் தலைமை வகிப்பார். ஊர்க்காரங்கள்லேர்ந்து 12 பேர் ஜூரி, அதுல ஒருத்தர் ஃபோர்மேன். வரச்சொல்லி ஆள் அனுப்ப பெய்லிஃப். கூடற எடம் டவ்கோட் இன்னுங்கற பப். சிரிக்காதீங்க, நம்ம பஞ்சாயத்து ஆலமரத்தடியில கூடும்னா இவங்களுக்கு மழை ஊர்ல மரத்தடி சரிப்படாது.

ஜூரி நாள் அன்னைக்கு என்ன நடக்கும்?

நவம்பர் கடைசி வாக்குல வரும். கோதுமை விதைச்சு முளை வந்திருக்கற வயலத்தான் பார்வையிடுவாங்க. டிராக்டர் பின்னாடி டிரெய்லர், அதுல ஜூரி ஏறிக்குவாங்க, கூடவே ஒரு கட்டு மரமுளை, சுத்தியல். ஒரு வருஷம் நான் ரோட்டோரமா நின்னு பார்த்தேன், காது உறையற குளிரு.

பட்டை முடியற எடத்துல இறங்குவாங்க. ஒருத்தர் பழைய முளைய தேடுவார், சேத்துக்குள்ள அமுங்கிப் போயிருக்கும், காலால தட்டி பார்த்து "இங்க இருக்கு"ம்பார், இல்லன்னா ரெண்டு பேர் ரெண்டு கடைசியில நின்னு கண்ணளவுல நேர் பிடிச்சு, இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம், போதும்னு கைய காமிச்சு புது முளை அடிப்பாங்க. மண்ணு ஈரமா இருக்கறதால சத்தமே டொக்குன்னு வராது, பொத்துன்னுதான் வரும். எவனாவது பக்கத்து பட்டையில ஒரு சால் உள்ள வந்திருக்கானா, பொதுப் பாதைய உழுதிருக்கானா, ஓரத்து புல்தரைல கலப்பை ஏறியிருக்கான்னு பார்த்து குறிச்சுக்குவாங்க. இதுல ரசமான விஷயம், தப்பு பண்ணினவர் அந்த டிரெய்லர்லயே உக்காந்திருக்கலாம். அவரும் ஜூரிதான், அவர் பேரும் லிஸ்ட்ல ஏறும். மூஞ்சிய பார்க்காம யாரும் தீர்ப்பு சொல்ல முடியாது, அன்னைக்கு மதியமே எல்லாரும் ஒரே மேஜைல சாப்பிடணும், அங்கதான் அபராதம் எவ்ளோன்னு பேசி முடிவு பண்ணுவாங்க. சரியா ஒரு வாரம் கழிச்சு கோர்ட்டு கூடி அத பதிவு பண்ணும், அடுத்த வருஷம் பாக்க வேண்டிய வயலுக்கு புது ஜூரி சத்தியம் எடுக்கும்.

நம்ம பக்கம் ஒரு அடி வரப்பு வெட்டினதுக்கு மூணு தலைமுறை பேசாத பங்காளிங்கள பார்த்தவன் நான். இங்க எல்லை சண்டை வர்றதுக்கு முன்னாடியே வருஷா வருஷம் கூட்டமா போய் எல்லைய தொட்டு பார்த்துட்டு வந்துடறாங்க, எனக்கு இந்த ஊர்ல பொறாமையா இருக்கற ஒரே விஷயம் அதுதான்.

அபராதம் எவ்ளோ?

சில பவுண்டுதான். வலி காசுல இல்ல, பேர வாசிக்கறதுல.

சைக்ஸ்ங்கறாங்களே, அது என்ன?

வயலுக்கு நடுவுல கலப்பை ஓட்ட முடியாத சரிவு, ஓடையோரம், ஈரப்பள்ளம் இதெல்லாம் புல்லாவே விட்டிருப்பாங்க, அதுக்கு பேரு சைக். காலங்காலமா உழாத நிலங்கறதால மத்த எடத்துல காணாம போன காட்டுப்பூ எல்லாம் இங்க இருக்கு, அரசாங்கமே அறிவியல் முக்கியத்துவம் உள்ள எடம்னு பாதுகாப்புல வச்சிருக்கு. அந்த புல்லு அறுக்கற உரிமைய கோடைல ஏலம் விடுவாங்க. பூ பார்க்கணும்னா அறுப்புக்கு முன்னாடி, ஜூன்ல போங்க.

1635 மேப்னு ஏதோ ஃபேமஸாமே?

ஆமா, அப்ப ஊர வச்சிருந்தவர் சர் வில்லியம் கோர்ட்டன்னு ஒரு லண்டன் வியாபாரி. வாங்கின சொத்துல என்ன இருக்கு, எவன் எவ்ளோ வச்சிருக்கான்னு தெரியணும்ல, மார்க் பியர்ஸ்ங்கற சர்வேயர வச்சு ஊரையே அளந்தார். இரண்டாயிரத்துக்கும் மேல பட்டைகள், ஒவ்வொண்ணும் யார் பேர்ல, எவ்ளோ அளவுன்னு கணக்கு, கூடவே பெரிய மேப்பு. மேப்புல சும்மா கோடு மட்டும் இல்ல, உழறவங்க, அறுக்கறவங்க, மான் வேட்டையாடறவங்கன்னு குட்டி குட்டி மனுஷங்க வரைஞ்சிருக்கார். இப்ப அது ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் லைப்ரரில இருக்கு. இப்போதைய வயல எடுத்து அந்த மேப்போட பக்கத்துல வச்சு பார்க்க முடியுதுங்கறதாலதான் ஆராய்ச்சிக்காரங்களுக்கு இந்த ஊர் மேல அவ்ளோ பிரியம்.

இதுல நமக்கும் ஒரு வால் இருக்கு. அதே 1635 கடைசியில இந்த கோர்ட்டன் ராஜா முதலாம் சார்லஸ்கிட்ட கிழக்கு நாட்டு வியாபாரத்துக்கு லைசன்ஸ் வாங்கினார், கிழக்கிந்திய கம்பெனிக்கு போட்டியா. அடுத்த வருஷம் கப்பல் கோவாவுக்கு கிளம்புச்சு, அதே 1636ல அவர் செத்தும் போனார். ஒரு கையில லாக்ஸ்டன் சால் கணக்கு, இன்னொரு கையில இந்தியா மிளகு கணக்கு.

பார்க்க வேற என்ன இருக்கு, கோட்டை இருக்காமே?

கோட்டைன்னு செஞ்சிக் கோட்டைய நினைச்சு வராதீங்க, கல்லு ஒண்ணு கூட நிக்கல. நார்மன் காலத்து மண்மேடு, சுத்தி அகழி, பக்கத்துல பெரிய முற்றம், மொத்தமும் இப்ப புல்லு. ஆனா அந்த வகையில இந்த கவுண்டியிலயே நல்லா மிஞ்சினது இதுதான். 1086 டூம்ஸ்டே கணக்குப் புத்தகத்துலயே ஊர் பேரு இருக்கு, அப்ப ஜெஃப்ரி அல்செலின்னு ஒருத்தர்கிட்ட இருந்துச்சு. அப்புறம் வந்த டி கோ, எவரிங்காம் குடும்பங்கள்தான் பரம்பரையா ஷெர்வுட் காட்டுக்கு காவலர்கள். அதாவது ராபின் ஹூட் கதையில துரத்தற கட்சி. சர்ச்சுல எவரிங்காம்காரங்களோட சிலைகள் படுத்த வாக்குல இருக்கு, அதுல ஒண்ணு மரத்துல செஞ்சது, அத தவற விடாதீங்க.

நிலம் யாருக்கு சொந்தம்? விவசாயிகளுக்கா?

பெரும்பாலும் குத்தகைதான். ரொம்ப காலம் பியர்பாண்ட் குடும்பம், அதாவது மான்வர்ஸ் பிரபுக்கள் வச்சிருந்தாங்க. 1952ல ஆறாவது மான்வர்ஸ் பிரபு, தனக்கப்புறம் துண்டு துண்டா வித்துடுவாங்கன்னு நினைச்சோ என்னமோ, விவசாய அமைச்சகத்துக்கு வித்தார், முறைய காப்பாத்தணும்னு பேச்சு. அவர் 1955ல இறந்ததோட அந்த பட்டமே முடிஞ்சுது. 1981ல அமைச்சகம் கிரவுன் எஸ்டேட்டுக்கு, அதாவது அரச சொத்துகள நிர்வகிக்கற அமைப்புக்கு, கைமாத்துச்சு. 2018 வாக்குல கிரவுன் எஸ்டேட்டும் வித்துடப் போறோம்னு சொன்னப்ப ஊர்ல நல்ல பதட்டம், எவனோ முதலீட்டுக்காரன் வாங்கி வேலி போட்டா ஆயிரம் வருஷம் காலி. கடைசியில 2020ல வாங்கினது யாருன்னா தோர்ஸ்பி எஸ்டேட், அதே பியர்பாண்ட் குடும்பம். சுத்தி வளைச்சு பழைய வீட்டுக்கே வந்து சேந்துச்சு.

அப்போ பாரிஷ் கவுன்சில் (நம்ம ஊராட்சி மாதிரி) எதுக்கு? கோர்ட்டே ஊர நடத்தலாமே?

கோர்ட்டுக்கு வயல் மட்டும்தான் கணக்கு. மத்ததெல்லாம் இங்கிலாந்துல எல்லா ஊர் மாதிரியும்தான். 1894 சட்டத்துல வந்த பாரிஷ் கவுன்சில் அடிமட்டம், பெஞ்சு, புல்வெட்டறது, அறிவிப்புப் பலகை, யாராவது வீடு கட்ட விண்ணப்பிச்சா கருத்து சொல்றது. மேல நியூவார்க் அண்ட் ஷெர்வுட் டிஸ்ட்ரிக்ட் கவுன்சில், அவங்க குப்பை வண்டி, கட்டட அனுமதி. அதுக்கும் மேல கவுண்டி கவுன்சில், ரோடு, ஸ்கூல். ரோட்டுல குழின்னா கவுண்டிக்கு எழுதணும், தொட்டி எடுக்கலன்னா டிஸ்ட்ரிக்டுக்கு, புதுசா வந்தவனுக்கு இது விளங்கவே ஒரு வருஷம் ஆகும். எனக்கு ரெண்டு ஆச்சு. இப்ப அரசாங்கம் டிஸ்ட்ரிக்டையும் கவுண்டியையும் கலைச்சு ஒரே அடுக்கா மாத்தப் போறோம்னு வேலைய ஆரம்பிச்சிருக்கு, அதனால சின்ன ஊர்க்காரங்களுக்கு இனி குரல் எட்டுமான்னு ஒரு கவலை.

ஊர்க்காரங்களுக்கு இப்ப பெரிய பிரச்சனை எது?

ஆளு. முறைக்கு விவசாயிங்க வேணும், ஜூரிக்கே 12 பேர் வேணும். பண்ணை பெருசாகிட்டே போகுது, எண்ணிக்கை குறைஞ்சுக்கிட்டே போகுது. இன்னைக்கு பெரிய டிராக்டரும் கம்பைனும் சின்ன பட்டைல திரும்பறதுக்கே நேரம் போயிரும், மூணு வருஷத்துல ஒரு வருஷம் கோதுமை, ஒரு வருஷம் தரிசுன்னா வருமானக் கணக்கு இடிக்கும். பெரும்பாலானவங்க வேலிக்குள்ள இருக்கற தனி நிலத்த வச்சுத்தான் இத தாங்கறாங்க.

அதுக்கு மேல மானியம். ஐரோப்பிய யூனியன விட்டு வெளிய வந்தப்புறம் ஏக்கர் கணக்குல வந்துக்கிட்டிருந்த பழைய பணத்த 2021லேர்ந்து படிப்படியா குறைச்சாங்க, பதிலா சுற்றுச்சூழலுக்கு நல்லது பண்ணினா பணம்னு புது திட்டம், அதுலயும் 2025 மார்ச்ல ஒரு முக்கியமான திட்டத்துக்கு புது விண்ணப்பத்த திடுதிப்புன்னு நிறுத்திட்டாங்க. குத்தகைலயும் சிக்கல், 1984 ஜூலைக்கு முன்னாடி போட்ட பழைய குத்தகைனா ரெண்டு தலைமுறை வாரிசுக்கு போகலாம், அதுக்கப்புறம் புதுசா பேசணும். பிள்ளைக்கு விவசாயத்துல இஷ்டம் இருக்கணும், அதுக்கு எந்த சட்டம் போடறது.

ஊர் அழகா இருக்குன்னு வீடு வாங்கி குடியேறறவங்களும் உண்டு, அவங்க இருக்கறது பப்புக்கும் சர்ச்சுக்கும் நல்லதுதான், ஆனா முளையடிக்க வரமாட்டாங்க.

அமெரிக்கா லெக்சிங்டனுக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தம் உண்டா?

பழைய காலத்துல இந்த ஊர லெக்சிங்டன்னும் சொல்லுவாங்க, அந்த பேர்ல ஒரு பிரபு பட்டமும் இருந்துச்சு. மாசச்சூசெட்ஸ் லெக்சிங்டன் பேரு இங்கேர்ந்து போனதுன்னு ஊர்ல பெருமையா சொல்லுவாங்க, அங்க உள்ளவங்கள்ல எல்லாரும் ஒத்துக்கறதில்ல. கென்டக்கி லெக்சிங்டன் 1775ல மாசச்சூசெட்ஸ் ஊர பார்த்து வச்ச பேரு, அதுல சந்தேகம் இல்ல.

அங்க ஹாலோகாஸ்ட் (ஹிட்லர் காலத்து யூதப் படுகொலை) மியூசியம் இருக்குன்னு கேள்விப்பட்டேன், இந்த குக்கிராமத்துலயா?

இதே லாக்ஸ்டன்தான். 1995ல ஸ்மித் குடும்பத்து சகோதரங்க ரெண்டு பேர் ஆரம்பிச்சது. அவங்க யூதர்களும் இல்ல, இஸ்ரேல் போய் அங்க உள்ள நினைவகத்த பார்த்துட்டு வந்து மனசு கேக்காம தொடங்கினாங்க. ஸ்கூல் பசங்க பஸ்ஸுல வருவாங்க. தோட்டத்துல ரோஜாச் செடிகள், ஒவ்வொண்ணும் யாராவது ஒருத்தர் நினைவா வச்சது, பேர் எழுதின சின்ன தகடு இருக்கும். வயலையும் இதையும் ஒரே நாள்ல பாக்காதீங்க, மனசு ஒத்துழைக்காது.

எப்படி போறது, என்ன கொண்டு போகணும்?

லண்டன்லேர்ந்துன்னா ரயில்ல நியூவார்க் நார்த்கேட், ஒன்றரை மணி நேரத்துக்குள்ள, அங்கேர்ந்து டாக்ஸி. கார்ல வந்தா ஏ1 ரோட்டுல டக்ஸ்ஃபோர்டு பக்கம் திரும்பணும். பப்புக்கு பக்கத்துலயே சின்ன விசிட்டர் சென்டர், அதுல வயல் மேப்பு பார்த்துட்டு நடங்க. பொதுப் பாதைல மட்டும் நடங்க, பயிர்ல கால் வைக்காதீங்க, நாய கட்டிக்கோங்க. ரப்பர் பூட்ஸ் கட்டாயம்.

ஒரே ஒரு எச்சரிக்கை, நார்தாம்ப்டன்ஷயர்ல ஒரு லாக்ஸ்டன் இருக்கு, யார்க்ஷயர்ல ஹவ்டன் பக்கம் இன்னொண்ணு இருக்கு. எங்க மச்சான் ஊர் பேர மட்டும் அடிச்சுட்டு கிளம்பி யார்க்ஷயர்ல போய் நின்னுட்டு "மாப்ள, பப்பு எங்கடா"ன்னு போன் பண்ணினார். நியூவார்க்னு சேத்து அடிங்க.